பிள்ளை தன் கையால் உண்ணட்டும்
(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிணறு, சாலை, விதை, உரம் என்றே பேசிப் பழகிய இம்மேடையில் இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள விஷயம், எட்டு மாதப் பிள்ளையின் சாப்பாடு. இது பெண்கள் காரியம் என்று ஆடவர் எவரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட வேண்டாம். கன்றுக்குட்டி எப்பொழுது புல்லைக் கடிக்கத் தொடங்கும், அப்பொழுது அதற்கு எதைப் போடவேண்டும் என்று துல்லியமாக அறிந்த நம் குடியானவர்கள், தம் வீட்டுப் பிள்ளையின் விஷயத்தில் அந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை என்பதே நமது மனக்குறை.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஊர் ஊராகச் செல்லும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. வீட்டுக்கு அப்பால் கோழிப்பண்ணை. நாமக்கல் பகுதியிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரி ஏறிக் கேரளத்துக்கும், கடல் கடந்தும் செல்கின்றன. அதே வீட்டுத் திண்ணையில் பாட்டியார் பேரப் பிள்ளைக்குச் சங்கில் ஜவ்வரிசிக் கஞ்சி புகட்டிக்கொண்டிருப்பார்.

ஜவ்வரிசி நம் மண்ணின் பொருள். நம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுப்பது. சேலத்துச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981ஆம் ஆண்டு முதல் அதன் விற்பனைக்குத் துணை நிற்கிறது. அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அது ஏறத்தாழ முழுதும் மாவுச்சத்தே. 100 கிராம் ஜவ்வரிசியில் அரைக் கிராம் புரதம்கூட இல்லை. ஒரே முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. கஞ்சியால் வயிறு நிறையும், பிள்ளை உறங்கும். உறங்குவதைக் கண்டு நாமும் திருப்தி அடைந்துவிடுகிறோம்! 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 6 முதல் 23 மாதம் வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத்தான் போதிய அளவும் வகையும் உள்ள உணவு கிடைத்தது. வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. முட்டை விற்கும் வீட்டிலும் இதே நிலைமையைத்தானே காண்கிறோம்?

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும்; தண்ணீரும் வேண்டுவதில்லை. அதன்பின் தாய்ப்பாலோடு வேறு உணவும் சேரவேண்டும். பிள்ளை தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்து அப்பொழுது குறையத் தொடங்குவதே இதற்குப் பெரிய காரணம். முதலில் மசித்த உணவு. பிறகு தலை நிலைத்து, உட்கார்ந்து, கண்டதை எல்லாம் எடுத்து வாயில் வைக்கும் பருவம் வருகிறது. எட்டு மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாமே கையில் எடுத்து உண்ண வல்லவர்களாகிவிடுகின்றனர். பல் முளைக்கவில்லையே என்று பாட்டிமார் கேட்பர். ஈறே போதும், மெதுவான பொருளை அது நன்றாக நசுக்கும்.

எதைக் கொடுப்பது? கடையில் தேடவேண்டியதில்லை. வேகவைத்த அரசாணிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இட்லித் துண்டு, மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கனிந்த வாழைப்பழம், பருவத்தில் சேலத்து மாம்பழக் கதுப்பு, இவற்றோடு கெட்டியாக வேகவைத்த முட்டை. முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. பண்ணையில் கீறல் விழுந்த முட்டைதான் வீட்டுக்கு என்னும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. கீறல் வழியே கிருமி புகுந்திருக்கக் கூடும். விற்கிற நல்ல முட்டையில் ஒன்றை எடுத்து வையுங்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் நசுங்கவேண்டும். அதுவே பதம். தொடக்கத்தில் பிள்ளை உள்ளங்கையால் பற்றும். ஆகவே விரல் நீளத் துண்டு தகும். ஒன்பது, பத்து மாதத்தில் இரு விரலால் பொறுக்கத் தொடங்கும். அப்பொழுது சிறு சிறு துண்டாகக் கொடுக்கலாம். பாதி தரையில் போகும், மீதி தலையில் போகும். அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். கோழிக்குஞ்சு தீனியைச் சிதறாமலா கற்றுக்கொள்கிறது?

இனி அபாயத்தைச் சொல்லவேண்டும். நிலக்கடலை உடைக்கும் காலத்தில் களத்திலும் திண்ணையிலும் பருப்பு சிதறிக் கிடக்கும். தவழும் பிள்ளை அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். முழுக் கடலை மூச்சுக்குழலில் அடைத்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். ஐந்து வயது வரை முழுக் கடலை ஆகாது. பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் காரட், மாங்காய்த் துண்டு ஆகியவையும் கைப்பிள்ளைக்கு ஆகா. கடலையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நன்றாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். இளமையிலேயே அவ்வாறு கொடுப்பது கடலை ஒவ்வாமையைக் குறைக்கிறது என்று லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. தோலில் கடும் கரப்பான் உள்ள பிள்ளைக்கு மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும். கொல்லிமலைத் தேனும் ஒரு வயது நிறையும்வரை நாக்கில் படக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்விதை சிசுவின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும்.

உண்ணும்போது பிள்ளை குமட்டினால் பதற வேண்டாம். சத்தம் வருகிறது, இருமுகிறது என்றால் அது தானே வெளியேற்றிக்கொள்ளும். சத்தமே எழாமல், அழவும் இயலாமல், முகம் நீலம் பாரித்தால்தான் மூச்சடைப்பு. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையாயின், தலை தாழும்படி முன்கையில் குப்புறக் கிடத்தித் தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டவேண்டும். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் நடுவே ஐந்து முறை அழுத்தவேண்டும். மாறி மாறி இதைச் செய்துகொண்டே 108க்குச் சொல்லியனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். நாம் சென்ற ஒரு கிராமத்தில் அதுதான் நேர்ந்தது. அந்தத் தகப்பனார் பட்ட துயரத்தை இங்கே விவரிக்க நமக்கு மனம் வரவில்லை.

பிள்ளையை உட்கார வைத்து, பக்கத்தில் ஒருவர் இருந்து உண்ணச் செய்வது வீட்டாரின் பொறுப்பு. உண்ணும் கையும் ஊட்டும் கையும் சோப்பிட்டுக் கழுவப்பெற வேண்டும். தண்ணீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கும் தாய்க்கு இந்த உபதேசம் வெறும் பேச்சே. குழாயைக் கொண்டுவருவது உங்கள் கடமை. அங்கன்வாடியில் கை கழுவும் இடம் எப்படி இருக்கிறதென்று நேரில் போய்ப் பாருங்கள்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணி தொடங்கியது 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். அதே நாளில் ஆண்டுதோறும் கிராம சபையும் கூடுகிறது. அன்று உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரை அழையுங்கள். வெந்த அரசாணிக்காய் ஒரு துண்டு, வெந்த முட்டை ஒன்று. பதத்தை விரலால் நசுக்கிக் காட்டட்டும். துணிப் பொம்மை ஒன்றை முன்கையில் கிடத்தித் தட்டியும் காட்டட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. பிறகு சாலை விஷயத்துக்குப் போகலாம்.