முதலில் ஊற்றிக் கொடுத்தது யார்?

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் குடிநோய் சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



எங்கள் பிரிவில் சேரும் வாலிபர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, முதன்முதல் உனக்கு ஊற்றிக் கொடுத்தது யார்?"

முன்பின் தெரியாத யாரோ என்று பதில் வருவது அபூர்வம். "கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மாமாதான் டாக்டர்" என்பான் ஒருவன். "தாத்தா செத்த வீட்டில், சித்தப்பா." "முதல் சம்பளத்துக்கு ட்ரீட் கேட்டார்கள்." "உடம்புவலிக்கு நல்லது என்று மேஸ்திரி கொடுத்தார்." வேண்டாமென்றால், "நீயெல்லாம் ஆம்பளையா?" என்ற கேலி. உறவும் நட்பும் நீட்டுகிற டம்ளரை ஒரு 17 வயதுப் பிள்ளை எப்படித் தட்டுவான்?

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். வீட்டு விசேஷத்தில் வயது கேட்பார் யார்? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் 5 கோடிக்கும் அதிகமானோருக்குக் குடிப்பிரச்சினைக்கு உதவி தேவை.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களில் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். 3-ஆம் நாளளவில் சிலருக்குப் புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. மருந்து, வைட்டமின் பி1 ஊசி, இரவும் பகலும் கண்காணிப்பு ஆகியவற்றை உங்கள் காணிக்கைகள் தாங்குகின்றன. தேவ கிருபையால் உடம்பு தேறுகிறது. பின்பு அந்தப் பிள்ளை வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபன் சுகமாகிப் போனான். 40-ஆம் நாள் நினைவிழந்த நிலையில் திரும்ப வந்தான். தங்கையின் நிச்சயதார்த்தமாம். "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று ஊற்றிக் கொடுத்தவர், முன்பு எங்கள் கையைப் பிடித்து அழுது அவனைச் சேர்த்த அதே அண்ணன். அவர் கெட்டவர் அல்ல. ஊர் வழக்கத்தைச் செய்தார்.

இந்த முறை அண்ணனையும் உட்கார வைத்துப் பேசினோம். தங்கையின் கல்யாணத்தில் மது இல்லை. உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். அண்ணன் அசையவில்லை. இன்றும் இருவரும் சேர்ந்தே மருந்து வாங்க வருகிறார்கள். போராட்டம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் தம்பி வேலைக்குப் போகிறான்.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் காசு கொடுத்ததோடு, திரும்பி வருவேன் என்றும் சொல்லிப்போனான். நீங்களும் தாராளமாய்க் கொடுத்திருக்கிறீர்கள். இன்று இன்னொன்றும் கேட்கிறேன். வருகிற கிறிஸ்துமஸில், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில், மொட்டைமாடியில் தனியாக ஒரு "ஏற்பாடு" வேண்டாம். வேண்டாமென்று சொல்லும் பிள்ளையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நில்லுங்கள். எங்கள் சிகிச்சையில் பாதி அதுதான்.

கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.