எறும்பும் தன் கையால் எண்சாண்

(தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அதற்குள் ஒரு கணக்கும் அடங்கியிருக்கிறது. விரித்த கையில் பெருவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அதாவது இரண்டு சாண். நான்கு முழம் ஒரு பாகம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நின்றால் கிடைக்கும் அகலமே பாகம். அந்த அகலமும் நம் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நெட்டையரானாலும் குட்டையரானாலும், அவரவர் கையால் அளந்தால் எட்டுச் சாண்தான். எறும்பும் தன் கையால் எண்சாண் என்று சொல்லி வைத்ததன் உட்பொருள் இதுவே.

விவிலியத்தில் நோவாவின் பேழைக்குத் தரப்படும் அளவும் முழத்தில்தான் இருக்கிறது: நீளம் 300, அகலம் 50, உயரம் 30. மனித உடலின் நீளமும் அதன் அகலத்தைப் போல் ஆறு மடங்கு, கனத்தைப் போல் பத்து மடங்கு என்று புனித அகுஸ்தினார் இதனை ஒப்பிட்டுக் காட்டினார்.

இவையெல்லாம் வளர்ந்தவர்களின் கணக்கு. குழந்தையின் கணக்கு வேறு. குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரிய ஆள் அல்ல.

பிறந்த குழந்தை சுமார் 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் நான்கில் ஒரு பங்கு தலை! வளர்ந்தவருக்கோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். "பிள்ளைக்குத் தலை பெரிதாக இருக்கிறதே" என்று கவலைப்படும் இளம் தாய்மாருக்கு நாம் சொல்லக்கூடிய ஆறுதல் இது. மூளை முந்தி வளர்கிறது. கைகால்கள் பிந்தி வளர்கின்றன. ஐந்து வயதுக்குள் மூளை, வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் பள்ளியில் சேர்க்க வரும் பிள்ளையிடம், வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா! சிறு பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. கை நீண்ட பிறகே காது எட்டும். வாத்தியார் அளந்தது வயதை அல்ல, தலைக்கும் கைக்கும் உள்ள விகிதத்தை.

இந்த விகிதங்கள் நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கவும் உதவும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

பிறக்கும்போது தலையின் சுற்றளவு மார்பின் சுற்றளவைவிடச் சற்றுக் கூடுதல். ஓராண்டு அளவில் இரண்டும் சமமாகி, பின்னர் மார்பு முந்த வேண்டும். போதிய உணவு கிடைக்காத குழந்தைக்கு இது தாமதமாகும்.

இன்னொன்று கைச் சுற்றளவு. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளை உயர்ந்துகொண்டே போனாலும் மேல்கையின் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. ஆகையால் வயது சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் ஒரே நாடா போதும். இடக்கையைத் தளரத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இறுக்காமல் நாடாவைச் சுற்ற வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு என்றால் கடும் ஊட்டக்குறைவு. நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயிறு முன்னால் தள்ளியிருப்பதைக் கண்டு, "பிள்ளை கொழுகொழு என்று இருக்கிறது" என்று நாம் மகிழ்ந்துவிடக் கூடாது. வயிறு பருத்து, கை மெலிந்திருந்தால் அது கொழுப்பல்ல; பூச்சித் தொல்லையாகவோ சத்துக்குறைவாகவோ இருக்கலாம். வயிற்றைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.

பிள்ளையின் வயிறும் சிறிது என்பதை மறக்கலாகாது. நம்மைப் போல் மூன்று வேளை உண்டு அது வளர முடியாது. ஒரு வயது கடந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு முறை பழமோ சுண்டலோ மசித்துக் கொடுக்க வேண்டும். பருப்பும் முட்டையும் கீரையும் நம் வீட்டுப் பொருள்களே. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. அங்கே எடையும் உயரமும் பார்க்கிறார்கள். மாதந்தோறும் அழைத்துச் செல்வது நம் கடமை.

எதிர்வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளையை ஒப்பிட்டு ஏங்கவும் வேண்டாம், பெருமை பேசவும் வேண்டாம். எறும்பு தன் கையால் அளப்பதுபோல், சென்ற மாதம் இருந்ததற்கு இந்த மாதம் எவ்வளவு என்று அந்தப் பிள்ளையை அதனோடேயே ஒப்பிடுவோம். ஒரு மாதம் வளராமல் நின்றால் ஏன் என்று கேட்போம். நம் பங்கில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கை மெலியாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.