ஊமைத்துரையின் வசனம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிடம். கொடுத்த தலைப்பு, 'ஊக்கம் தரும் பொன்மொழிகள்'. பொன்மொழி சொல்லுகிற வயசு இவனுக்கு வந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. சரி, அவர் வாக்கைத் தட்டுவானேன்.

நேற்று சாயந்தரமே வந்து இறங்கிவிட்டதால் விடுதியை ஒரு சுற்றுச் சுற்றிவரப் போனேன். நான் இருந்த அறையில் இப்போது எங்கள் வெள்ளிமலைப் பையன் ஒருவன் இருக்கிறான், இரண்டாம் ஆண்டு. சுவரில் ஒரு படம். மஞ்சள் முடி, நுனியில் சிவப்பு, தோளில் தீப்பிழம்பு வரைந்த அங்கி, கையில் வாள். "யாருப்பா இது, கூத்துக்காரர் மாதிரி?" என்று கேட்டுவிட்டேன். பையனுக்கு முகம் சுண்டிப்போச்சு. அப்புறம் அரை மணி நேரம் உட்காரவைத்துக் கதை சொன்னான்.

கியோஜுரோ ரெங்கோகு என்று பெயர். 2016 முதல் 2020 வரை ஜப்பானில் தொடராக வந்த சித்திரக்கதையில் வருகிற வீரன். அனிமே என்கிறார்களே, அந்த வகைப் படமாகவும் வந்திருக்கிறது. சாப்பிட்டாலும் சத்தம், பேசினாலும் சத்தம். ஓடுகிற ரயிலில் அரக்கர்களோடு மோதுகிறான். வண்டியிலிருந்த இருநூறு பேரில் ஒருவரும் சாகவில்லை; விடிகிற நேரத்தில் அவன் செத்துப்போகிறான். பலத்தோடு பிறந்தவன் பலமில்லாதவரைக் காக்கக் கடமைப்பட்டவன் என்பது அவன் அம்மா சொல்லிக்கொடுத்த பாடம். நெஞ்சில் நெருப்பை அணையவிடாதே என்பது சின்னவர்களுக்கு அவன் சொல்லிவிட்டுப் போவது. அதைத்தான் பையன் ஸ்கெட்ச் பேனாவில் படத்துக்குக் கீழே எழுதி வைத்திருந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1980-ல் அதே சுவரில் நான் ஒட்டியிருந்தது கட்டபொம்மன் வேஷத்துச் சிவாஜி.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-ல் வந்த படம். எடுத்தவர் பி. ஆர். பந்துலு, வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. அடுத்த வருஷம் கெய்ரோ படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு. ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசுகிற அந்த வரி வசனத்தை, இந்த மண்டபத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். உழைப்பில் பங்கில்லாதவனுக்கு விளைச்சலில் என்ன பங்கு என்பதுதான் அதன் சாரம். பள்ளிக்கூடம் தவறாமல் ஒரு கட்டபொம்மன் இருந்த காலம் அது.

எங்கள் மலையில் அந்தக் கட்டபொம்மன் நான். ஏழாம் வகுப்பு, 1975. படத்தைப் பார்த்தது கிடையாது. கீழ்நாட்டிலிருந்து வந்த வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடம் பண்ணினேன். வசனத்தில் வருவது நெல் வயல். நாங்கள் விதைப்பது சாமையும் கேழ்வரகும். மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வாத்தியார் பிரம்பைத் தேடினார். அட்டைக் கிரீடம், அடுப்புக்கரி மீசை. ஆண்டு விழாவில் பேசி முடித்ததும் கைதட்டு அடங்க வெகுநேரம் ஆச்சு.

கூட்டத்தில் என் தாத்தா இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் காதைப் பிடித்துத் திருகினார். "இந்தப் பேச்செல்லாம் நம்ம ஊருல பேசலாமாடா? யாரு காதுல வுழுந்துதோ!" கை நடுங்கிக்கொண்டிருந்தது. தாத்தாவுக்கு என் பெருமை தெரியவில்லையே என்று ராத்திரி முழுக்க அழுதேன்.

கீழே இருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கல்வராயன் மலை அப்போது மூன்று ஜாகீர்களாக இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டு தாண்டியும் ஜாகீர் முறை அங்கே போகவில்லை. அரசாங்கம் அதை முடித்துவைத்தது 1976-ல்தான். தாத்தா ஆயுசு முழுக்க ஜாகீருக்கு வரி கட்டினவர், கூலியில்லாமல் வேலையும் செய்தவர். எனக்கு அது வசனம். அவருக்கு அது அடுத்த நாள் காலையில் பதில் சொல்ல வேண்டிய விஷயம். இது எனக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது.

பிற்பாடு வேலைக்குப் போனபின் புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். மனம் கொஞ்சம் கசந்துதான் போச்சு. நிஜக் கட்டபொம்மன், கிஸ்திப் பாக்கி விவகாரத்தைத் தீர்க்க, ஜாக்சனைப் பார்க்க வேண்டி முகாம் முகாமாகப் பின்னாலேயே அலைந்திருக்கிறார். குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி என்று நாள்கணக்கில் அலைக்கழித்து, கடைசியில் 1798 செப்டம்பர் 10-ஆம் தேதி ராமநாதபுரத்தில்தான் பார்த்தார் அந்தத் துரை. அங்கே நடந்த கைகலப்பில் ஒரு வெள்ளை அதிகாரி செத்தான். பிறகு கம்பெனியே விசாரித்து, ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. நாம் தொண்டை கிழியப் பேசிய வசனம் சக்தி கிருஷ்ணசாமியுடையது. நல்ல வசனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஆபீஸ் வாசலில் மனுவோடு நாள்கணக்கில் காத்து நின்றவன் என்ற முறையில், முகாம் முகாமாக அலைந்த அந்த மனுஷன்தான் இப்போது எனக்கு நெருக்கம்.

அவர் பேசியதாக எழுத்தில் இருப்பது ஒன்று உண்டு. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கில் போட்ட மேஜர் பானர்மேனே மேலிடத்துக்கு எழுதினான். விசாரணையில் துளிகூட அசையவில்லையாம். கம்பெனிக்கு உதவிய எட்டயபுரத்தாரையும், சிவகிரியாரையும் இளக்காரமாகப் பார்த்தபடியே நடந்தாராம். போகும் வழியில் அவர் கவலைப்பட்டுச் சொன்னது ஒரே ஒருவரைப் பற்றி: பேச்சு வராத தம்பியைப் பற்றி. மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வராமல் அங்கேயே போரிட்டுச் செத்திருக்கலாம் என்று வருந்தினாராம். கைதட்டு வாங்குகிற பேச்சு இல்லை. ஒரு அண்ணன் பேசுகிற பேச்சு.

அந்தத் தம்பிதான் ஊமைத்துரை.

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியே வந்தார். தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஜனங்கள் சில நாளில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31-ல் தாக்கிய கம்பெனிப் படையை அந்த மண்கோட்டை திருப்பி அனுப்பியது. அவரை எதிர்த்துச் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் அச்சான தன் நினைவுக் குறிப்பில் ஒரு காட்சி எழுதுகிறான். ஊமைத்துரை இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரன் படை. வலது கையை அதன்மேல் ஒரே இழுப்பாக இழுத்துத் துடைப்பார், வாயால் 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் உத்தரவு. பாய்கிறவர்களில் முதல் ஆளாகப் பெரும்பாலும் அவரே இருப்பாராம். எதிரி எழுதிய சாட்சி இது.

மே 24-ல் கோட்டை விழுந்தது. காயம்பட்டுக் கிடந்தவரை ஒரு அம்மா, வைசூரி கண்டு செத்த பிள்ளை என்று சொல்லிக் காப்பாற்றியதும் வெல்ஷ் எழுதியதுதான். தப்பியவர் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டு, நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கில் போடப்பட்டார்.

வைக்கோலைப் படித்த அன்று எனக்கு நம் விடுதி ஞாபகம் வந்தது. 1982. உதவித்தொகை வரவில்லை, பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. எனக்கு அப்போது விடுதியில் பேரே கட்டபொம்மன்தான், உங்களில் பலருக்கு இன்னமும் அதுதான் ஞாபகம் இருக்கும். ஆனால் ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றால் வாய் திறக்காது. மலைப் பேச்சைக் கேட்டு உள்ளே சிரிப்பார்கள். அறைக்கு வந்துதான் கத்துவேன். படிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கச்சிராயபாளையம் போய் மலையேறிவிடுகிறேன் என்று அன்றைக்கும் கத்தினேன். அறைத்தோழர் கேட்டுக்கொண்டே கொடியில் காய்ந்த துணியை மடித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ராத்திரி என் தலையணைக்கு அடியில் கட்டணம் கட்டிய ரசீது இருந்தது. அவர் கையில் கடிகாரம் இல்லை. கேட்டேன். "பழுது பார்க்கக் குடுத்திருக்கேன்" என்றார். மூன்றாம் ஆண்டு முடியும்வரை அது பழுது பார்த்துத் திரும்பவே இல்லை.

அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்பதால் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நாற்பது வருஷமாக முயற்சி செய்கிறேன், வாங்க மாட்டேன் என்கிறார். இந்த மேடையிலிருந்தே மறுபடியும் கேட்கிறேன்.

நேற்று இதையெல்லாம் அந்தப் பையனிடமும் சொன்னேன். ரெங்கோகுவைக் கழற்றச் சொல்லவில்லை, இருக்கட்டும். இருநூறு பேரைக் காப்பாற்றியவன். பையன் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் இருக்கிறது. "ஊமைத்துரை படம் நானே வரைஞ்சுடுவேன் ஐயா. கீழ என்ன வசனம் எழுதறது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் முன்னால் இடது கையை விரித்துக் காட்டினேன். பரீட்சை முடிந்ததும் வரைகிறேன் என்றிருக்கிறான். அடுத்த வருஷம் வருகிறவர்கள் போய்ப் பாருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடும் ஆறுகிறது.