காத்தவரைக் காப்போம்
(திருக்கோயில் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்த்திகைத் திங்களில் இல்லந்தோறும் விளக்கேற்றி இறைவனை வழிபடுகின்றோம். அதே திங்களில் வரும் மற்றொரு நாளைப் பலரும் கருதுவதில்லை. அது டிசம்பர் 7, கொடி நாள். நாடு காக்கும் முப்படையினரின் நலன் கருதி 1949-ஆம் ஆண்டு முதல் இந்நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றது. சட்டையில் சிறு கொடி ஒன்றைக் குத்திக்கொண்டு, உண்டியலில் சில நாணயங்களை இட்டு அமைதி அடைகின்றோம். அந்நாள் முழுவதையும் படைப்பணி முடித்து வந்தோருக்கும், இடருற்ற வாயில்லா உயிர்களுக்கும் தொண்டு செய்வதில் கழித்தால் என்ன என்பதே அடியேனின் விண்ணப்பம்.

வீரரையும் விலங்கையும் ஏன் இணைக்க வேண்டும் என்று தாங்கள் வினவலாம். இணைத்தவர் நம் முன்னோரே. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டு வருவதைக் கரந்தை என்று புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே வகுத்தது. அவ்வாறு மீட்கும் போரில் மாய்ந்தவனுக்கு நடுகல் நாட்டிப் பூச்சூட்டி வழிபட்டனர். விலங்கை மீட்பதும் வீரனைப் போற்றுவதும் அன்று ஒரே அறத்தின் இரு கூறுகளாக விளங்கின.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கண்டெடுக்கப்பட்ட நடுகல் ஒன்றைக் கூறுகின்றேன். அது முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. எருமை மந்தையைக் காத்துப் போரிட்டு மாய்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. வீரனின் உருவத்தோடு நாய் ஒன்றின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அதன் செயலையும் கல்லெழுத்து பொறித்து வைத்திருக்கின்றது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிற்றூர் மக்கள் ஒரு நாயின் பெயரையும் மறவாது பொறித்தனரே! அந்நன்றியுணர்வை என்னென்பது!

அவ்வுணர்வு இன்றும் அற்றுப்போய்விடவில்லை. 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காஷ்மீரத்துப் பாரமுல்லா பகுதியில், தீவிரவாதிகளைத் தேடிச் சென்ற படையினருக்கு முன்னே ஒரு வீட்டினுள் நுழைந்த ஆக்சல் என்னும் படைநாய் குண்டடிபட்டு உயிர் நீத்தது. அவ்வாண்டு விடுதலை நாளன்று வெளியிடப்பட்ட வீரப் பாராட்டுப் பட்டியலில் அதன் பெயரும் இடம்பெற்றது.

அன்பர்களே! மாய்ந்தவருக்குக் கல் நாட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. ஆயின், உயிரோடு திரும்பியவரை எவ்வாறு நடத்துகின்றோம்? பனிமலையில் காலிழந்து வந்தவர் ஊர்ச் சாவடியில் தனியே அமர்ந்திருக்கின்றார். பத்தாண்டு வாசலில் கிடந்து குரைத்துக் காத்த நாய், கண்பார்வை மங்கியதும் வேற்றூரில் கொண்டு விடப்படுகின்றது. உழுது ஓய்ந்த எருது அடிமாடாகின்றது. பயன்பட்ட காலம் வரை போற்றிப் பின்னர்க் கைவிடுதல் நன்றி கொன்ற செயல் அன்றோ?

இங்குச் சிறுத்தொண்ட நாயனாரின் வரலாற்றை நினைவுகூர்தல் தகும். பரஞ்சோதியார் என்னும் பெயருடன் மன்னனின் படைத்தலைவராக விளங்கிய அவர், வாதாபியை வென்று பெரும்பொருள் கொணர்ந்தார். அவர் சிவனடியார் என்பதை அறிந்த மன்னன், அவரைப் போர்முனைக்கு விடுத்ததற்கு வருந்தி, நிதிக்குவை அளித்து, வணங்கி, திருச்செங்காட்டங்குடிக்கு விடைகொடுத்து அனுப்பினான் என்பது பெரிய புராணம் உரைக்கும் செய்தி. படைத்தொழில் முடித்தவருக்கு வாழ வழியும் உள்ளத்து மதிப்பும் ஒருங்கே வழங்கிய செயல் அது.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை? கொடி நாளன்று காலையில் இயன்ற நிதியை வழங்குக. பின்னர், தங்கள் ஊரில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரின் இல்லத்திற்குப் பிள்ளைகளுடன் செல்க. அவர் பணியாற்றிய இடங்களை அவர் வாயால் சொல்லக் கேட்டு, பிள்ளைகளை அவர்தம் தாள் பணியச் செய்க. வீரரின் கைம்பெண் ஒருவர் தனித்திருப்பின், ஓய்வூதியம் தடையின்றி வருகின்றதா என வினவுக. ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்று காரணமாக அது நின்றிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அவரைத் துணையாக அழைத்துச் செல்க. அரை நாள் செலவாகும். ஒரு குடும்பத்து அடுப்பு எரியும்.

மாலையில் வாயில்லா உயிர்களை நாடுக. வாசலில் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைக்கலாம். ஊர்தி மோதி அடிபட்டுக் கிடக்கும் உயிரைச் சாக்கில் மெல்லக் கிடத்திக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லலாம். விலங்குக் காப்பகம் அருகில் இருப்பின், அங்கு வேண்டுவது அரிசியா, மருந்தா, பழந்துணியா எனக் கேட்டறிந்து கொடுக்கலாம். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அச்சட்டம் உருவாக நாடாளுமன்ற மாநிலங்களவையில் அயராது பாடுபட்டவர் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதைத் தமிழர் பெருமையோடு நினைக்கலாம்.

எடுத்தனூர் மக்கள் கல்லில் எழுதி வைத்தனர். நமக்குக் கல் வேண்டா, உளி வேண்டா. காத்தவர் கண்முன் வாழும்பொழுதே அவரைக் காக்கும் கைகள் இருந்தால் போதும். அக்கைகளுக்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாகுக!