வயிற்றுக்குத்தெல்லாம் வாயு அல்ல
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திருக்கும் உங்களில் பலருக்குத் திருகோணமலையில் வயதான தாய் இருக்கிறார். வயிற்றுக்குத்து என்பார், அடுத்த மூச்சிலேயே "வாயுவாக்கும் பிள்ளை" என்று ஓமத்தண்ணீரோடு முடித்துவிடுவார். அப்படி முடிக்கக்கூடாத நோயொன்றைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

வயது ஏற ஏறப் பெருங்குடற் சுவரின் பலவீனமான இடங்கள் சிறு பைகளாகப் பிதுங்குவதுண்டு. அவற்றை டைவர்டிகுலா என்போம். பெரும்பாலானோருக்கு அவற்றால் தொல்லையில்லை. ஒரு பையில் அழற்சி ஏற்பட்டால் வலியும் காய்ச்சலும் வரும். அருகிலுள்ள இரத்தக்குழாய் கிழிந்தால் வலியின்றியே மலத்தோடு இரத்தம் போகும். மேல்நாட்டாருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வலிக்கும். ஆசிய நாட்டவருக்கு வலப்பக்கமும் வருவதால் குடல்வளரி அழற்சி போலத் தோன்றும்.

முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். சாப்பாட்டில் மனமின்மையும் திடீர்த் தடுமாற்றமும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். சி.ரி. ஸ்கான் நோயைத் தெளிவாகக் காட்டும். கொலொனோஸ்கோபியை அழற்சி வேளையில் தவிர்த்து, 6 முதல் 8 வாரம் கழித்து, புற்றுநோய் இல்லையென உறுதிசெய்யச் செய்வார்கள்.

இலேசான அழற்சி ஓய்வோடும் நீராகாரத்தோடும் தணியலாம். அன்ரிபயோட்டிக் வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். பெரிய சீழ்க்கட்டியை ஊசி மூலம் வடிப்பார்கள். குடல் துளைபட்டு நஞ்சு வயிறெங்கும் பரவினால் சத்திரசிகிச்சை அவசியம். மூட்டுவலிக்கென்று டைக்குளோபினக் குளிசையைத் தாமாக வாங்கி விழுங்குவது இரத்தப்போக்குக்கும் துளைபடுவதற்கும் வழிவிடும்.

கொய்யா விதையும் கச்சானும் பையில் சிக்கும் என்று ஒதுக்குகிறோம். 47,000க்கு மேற்பட்ட அமெரிக்க ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வில், கொட்டை வகைகளோ சோளப்பொரியோ ஆபத்தைக் கூட்டவில்லை. குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு, கீரை, பயறு என்று நம் அடுப்படியில் இருந்த நார்ச்சத்து உணவே குடலுக்கு நல்லது.

மலத்தைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால்தான் பலர் நாள் கடத்துகிறார்கள். ஆகவே அடுத்த முறை வீட்டுக்கு அழைக்கும்போது "சாப்பிட்டீங்களா அம்மா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கே வலி, எத்தனை நாளாக, மலத்தில் இரத்தம் போனதா, என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். இரத்தம் என்றாலோ, வலி விடாமல் இருந்தாலோ, அயலவரைக் கேட்டேனும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பிவையுங்கள்.