சிறையில் திரண்ட தோள்கள்

உடற்கட்டு வீரர் என்றதும் ஆறடி உருவமே மனக்கண்முன் எழும். மனோகர் ஐச் என்னும் வங்காளியின் உயரமோ 4 அடி 11 அங்குலந்தான். மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தியே பழகிய நான், அவரை முதலில் நிறுத்திவிட்டு அப்போதே மறந்தும் இருப்பேன்.

கோமில்லா மாவட்டத்துச் சிற்றூரொன்றில் 1912-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே, அந்நிய ஆட்சி பற்றி எழுந்த வாக்குவாதத்தில் வெள்ளை அதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்து சிறை புகுந்தார். சிறையிலே இரும்புக் குண்டு ஏது, சங்கிலி ஏது? தம் உடலையே பளுவாகக் கொண்டு, சில நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் பயின்றார். வியந்த சிறை அதிகாரிகள் தனி உணவுக்கும் ஏற்பாடு செய்தனராம்!

நாடு விடுதலை பெற்றது, அவரும் வெளிவந்தார். வீட்டிலோ வறுமை. சியால்டா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார். 1951-இல் இலண்டன் சென்று, உலக அழகன் போட்டியில் இரண்டாமிடமே பெற்றார். ஊர் திரும்பினாரா? இல்லை. அங்கேயே ரயில்வேயில் வேலை தேடிக்கொண்டு, ஓராண்டு பயின்று, 1952-இல் குள்ளர் பிரிவில் பட்டத்தை வென்றார்.

அவருடைய உணவு என்ன தெரியுமா? சோறு, பருப்பு, மீன், காய்கனி, பால். 2012-இல் நூறு வயது நிறைந்தபோது பளு தூக்க இயலவில்லை. எனினும் காணவந்தோர்க்குத் தசைகளைத் திரட்டிக் காட்டினார். 2016 ஜூன் 5-ஆம் நாள் காலமானார்.