"எனக்கு வரையவே வராது" என்று இனி சொல்லாதீர்கள்!

(மேலூரில் நடந்த நமது கூட்டமைப்பின் மகளிர் கூட்டத்தில், டிசைன் வரையும் பயிற்சியைத் தொடங்கி வைத்து பயிற்சியாளர் ஒருவர் பேசியதன் சுருக்கம்)



பயிற்சிக்குப் பேர் கொடுக்கச் சொன்னபோது நிறையப் பேர் ஒரே பதிலைத்தான் சொன்னீங்க: "தைக்கச் சொல்லுங்க, தைக்கிறோம். முடிச்சுப் போடச் சொல்லுங்க, போடுறோம். ஆனா வரையறது மட்டும் நமக்கு வராது."

நான் ஒன்று கேட்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் வாசலில் கோலமே போடாதவர் யார்? கையைத் தூக்குங்க. (யாரும் தூக்கவில்லை. சிரிப்பு.)

பார்த்தீங்களா! தினமும் விடியுமுன்னே வாசல் தெளிச்சு, குனிஞ்சு, அளவுகோல் இல்லாம, அழிரப்பர் இல்லாம வரையறோம். அப்புறமும் வரையத் தெரியாதுன்னு சொல்றோம். கோலமாவை எடுத்தா வர்றது, பென்சிலை எடுத்தா மட்டும் எங்கே போகுது? கைக்குத் தெரியும். மனசுதான் நம்ப மாட்டேங்குது.

கோலம் ஒரு கணக்கு

சென்னை தாம்பரத்தில் இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவர், ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டருக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்க என்ன விதிகள் வேண்டும் என்று யோசித்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்டது நம்ம வாசல் கோலத்தை! அந்த மூவரில் இரண்டு பேர் பெண்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கணக்கு அறிஞர்களும் கோலத்தைப் படித்து எழுதியிருக்கிறார்கள்.

கோலத்தில் கணக்கு எங்கே இருக்கிறது? ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்தணும்னு சொன்னா உடனே கை என்ன செய்யும்? நடுவில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. அதே ஏழை நேர்ப்புள்ளியாக வைத்து ஒன்றில் நிறுத்தினால் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. பள்ளிக்கூடமே போகாத அப்பத்தாவும் இதைத் தப்பில்லாமல் வைப்பார். டிசைனுக்கு வேண்டிய அளவு, இடைவெளி, இரண்டு பக்கமும் ஒத்துப்போவது எல்லாமே இதில் அடங்கியிருக்கிறது.

புள்ளியிலிருந்து சுங்குடி

மதுரை சுங்குடிச் சேலையை எல்லோரும் கட்டியிருக்கிறோம். சௌராஷ்டிர மக்கள் மதுரைக்குக் கொண்டுவந்து வளர்த்த தொழில் அது. துணியில் சின்னச் சின்னதாகக் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்குகிறார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு பிரித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எப்படி அடுக்குவது என்பதுதான் டிசைன். பழைய சுங்குடி டிசைன்களில் கோலத்தைப் பார்த்து வந்தவையும் உண்டு. 2005-ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவது வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்கள். ஆனால் "இந்த மாதிரி போடு" என்று சொல்லுகிற இடத்தில் பெரும்பாலும் அவர்கள் இல்லை. ஆரி வேலையிலும் அப்படித்தான். ஜாக்கெட்டுக்கு வேறு ஒருத்தர் வரைஞ்சு கொடுக்கிறார், நாம் கல்லும் மணியும் வைத்து நிரப்புகிறோம். ராத்திரி கண் எரிய உழைக்கிறது நாம். கூலியை முடிவு செய்கிறது அவர். வரையத் தெரிஞ்சவருக்குத்தான் விலை சொல்லும் வாய் இருக்கு. அதனால் இந்தப் பயிற்சியைப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீங்க. இது நம்ம கூலி சம்பந்தப்பட்டது.

எங்கிருந்து தொடங்குவது?

பட்டுத்துணியில் தொடங்க வேண்டாம். துணி வீணாகிவிடுமோ என்ற பயத்திலேயே கை நடுங்கும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். முதல் மாதத்துக்கு நாலு படி:

1. பார்த்துப் போடுங்கள். தெரிந்த கோலம் ஒன்றைத் தாளில் பென்சிலால் போடுங்கள். வாசலில் கை முழுக்க வீசிப் போட்டதைச் சின்னதாகப் போடும்போது முதலில் கோணும். பத்துத் தாளுக்குள் கை பழகிவிடும்.

2. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிக்குக் கோலத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே கம்பிகள் குறுக்கே வெட்டிப் போகும். அப்படி ஓர் இடத்தில் வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிடுங்கள். ஒரே கம்பியாக ஓடினது சில நேரம் இரண்டாகப் பிரியும்; இரண்டாக இருந்தது ஒன்றாகச் சேரும். அதே புள்ளியில் புதுக் கோலம் வந்துவிடும். அது உங்களுடையது.

3. கால் பங்கு மட்டும் வரையுங்கள். தாளை நாலாக மடித்து ஒரு மூலையில் மட்டும் ஒரு மாங்காயோ, பூவோ, இலையோ போடுங்கள். அதையே மற்ற மூன்று மூலைக்கும் திருப்பிப் போட்டால் முழு டிசைன். வரிசையாகத் திரும்பத் திரும்பப் போட்டால் பார்டர்.

4. துணிக்கு மாற்றுங்கள். டிசைனை ட்ரேசிங் தாளில் எடுத்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்துங்கள். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த அச்சுப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால் டிசைன் புள்ளியாக இறங்கும். ஒரு தடவை குத்திய தாளைப் பல ஜாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வரைந்து முடித்ததும் உடனே கிழிக்காதீர்கள். சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கோலம் போட்டு முடித்ததும் எழுந்து தெருவில் நின்று பார்ப்போமே, அது மாதிரி. குனிந்திருக்கும்போது கோணலாகத் தெரிந்தது நிமிர்ந்தால் நேராகத் தெரியும். எங்கே நிஜமாகவே கோணல் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

மனசுக்குள் பேசுகிற குரல்

"அடுத்த வீட்டு மதினி போட்டா அழகா இருக்கு, நான் போட்டா அசிங்கமா இருக்கு" என்று உள்ளுக்குள்ளே ஒரு குரல் பேசும். எத்தனை வருஷம் வரைந்தவருக்கும் பேசும். அது நிற்கட்டும், அப்புறம் வரையலாம் என்று காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். அது பாட்டுக்குப் பேசட்டும், கை பாட்டுக்கு வரையட்டும். மதினி பத்து வருஷமாகப் போட்ட கோலத்தோடு, நாம் நேற்று தொடங்கினதை வைத்துப் பார்ப்பது நியாயமா? போன மாதம் நீங்கள் போட்ட தாளோடு இந்த மாதத் தாளை வைத்துப் பாருங்கள். அதுதான் சரியான தராசு.

குழுவில் சேர்ந்த புதிதில் என்ன நடந்தது என்று நினைச்சுப் பாருங்க. "எனக்குக் கையெழுத்து வராது, ரேகை வச்சுக்கிறேன்" என்று சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்! முதல் எழுத்து எழுத ஒரு வாரம் ஆனவர்கள் இருக்கிறோம். இன்றைக்கு அதே கைதான் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறது, பேங்குக்குப் போய் செக்கில் போடுகிறது. அந்தக் கைக்கா ஒரு மாங்காய் வரையத் தெரியாது?

குழுவில் செய்ய வேண்டியது

தனியாக வரைந்தால் சோர்ந்துவிடுவோம். சேமிப்பை எப்படிச் சேர்ந்து செய்தோமோ, இதையும் அப்படிச் செய்வோம். ஒவ்வொரு குழுவும் மூன்று தீர்மானம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

* மாதக் கூட்டத்துக்கு வரும்போது சந்தாவோடு ஒரு தாளும் கொண்டுவர வேண்டும். அழகாக இருக்கிறதா இல்லையா என்பது கேள்வி இல்லை. தாள் வந்ததா என்பதுதான் கேள்வி.

* யாருடைய தாளையும் "நல்லா இல்லை" என்று சொல்லக்கூடாது. "இந்த இடம் பிடிச்சிருக்கு, இந்த இடத்தை இப்படி மாத்திப் பார்க்கலாமா?" என்று சொல்ல வேண்டும். வெறுமனே "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவதும் வேண்டாம். அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

* நல்ல டிசைன்களைத் தேதி, பெயர் போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். ஆர்டர் கேட்கப் போகும்போது நாளைக்கு அந்த நோட்டுதான் நம்மோடு வரும்.

கோலத்தைக் காலையில் போடுகிறோம், சாயங்காலத்துக்குள் அழிந்துபோகிறது. அதற்காக யாரும் அழுவதில்லை. மறுநாள் புதுசாகப் புள்ளி வைக்கிறோம். தாளில் வரைவதையும் அதே மனசோடு செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோர் கையிலும் ஒரு தாள் இருக்கட்டும்.